தண்ணீர் வருவதற்குள் அளந்துவிடுங்கள்: டெல்டாவின் தூர்வாரும் கணக்கை அரசு ஆவணங்களைக் கொண்டே சரிபார்க்க முழு வழிகாட்டி

காவிரி டெல்டாவில் கோடை முடிகிற நேரத்தில் இரண்டு வேலைகள் சேர்ந்தே நடக்கும். ஆற்றிலும் வாய்க்காலிலும் பொக்லைன் இறங்கித் தூர்வாரும். டீக்கடையில் அந்தத் தூர்வாரலைப் பற்றிய சண்டை நடக்கும். “பேருக்கு வழித்துவிட்டுப் போய்விட்டான்” என்பார் விவசாயி. “பணிகள் முழுமையாக முடிந்தன” என்பார் அதிகாரி. வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து, அடுத்த சில நாளில் கல்லணையும் திறந்துவிட்டால் வாய்க்கால் நிறைந்துவிடும். அதற்கப்புறம் யார் சொன்னது சரி என்று தரையைக் காட்டி நிரூபிக்க வழியில்லை. சாட்சி தண்ணீருக்குள் போய்விடும்.

தூர்வாருவதைப் பற்றி ஆண்டுதோறும் வருகிற செய்திகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு பேச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகின்றன. படிப்பவருக்கு எதுவும் தெளிவாவதில்லை. அதைத் தாண்டிப் போக ஒரு வழி உண்டு. ஒரே வேலையைப் பற்றி இரண்டு அலுவலகங்கள், தத்தம் தேவைக்காகத் தனித்தனியே எழுதிவைத்த ஆவணங்களை எடுத்து எதிரெதிரே வைக்க வேண்டும். ஓர் ஆவணம் மட்டும் கையில் இருந்தால் அது சொல்வதை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. ஒருவர் எழுதியது இன்னொருவருக்குத் தெரியாமல் உருவான இரண்டு ஆவணங்கள் முரண்பட்டால், கேள்வி அங்கிருந்து தொடங்குகிறது.

உள்ளூர் நிருபர், விவசாய சங்கத்து இளைஞர், ஆய்வுக்கு ஊர் தேடும் கல்லூரி மாணவர் என யார் வேண்டுமானாலும் இதைச் செய்யலாம். ஒரு கைப்பேசி, ஒரு டேப், எக்செல் அல்லது கூகுள் ஷீட்ஸ், நிறையப் பொறுமை. அவ்வளவுதான் முதலீடு.

படி 1: ஒரே ஒரு வாய்க்காலை எடுங்கள்

“டெல்டாவில் தூர்வாரும் முறைகேடு” என்று தொடங்கினால் எங்கேயும் போய்ச் சேர மாட்டீர்கள். உங்களுக்கு நடந்து போய்ப் பார்க்க முடிகிற ஒரு வாய்க்கால், ஓர் ஆண்டு. அது போதும். முதல் வாய்க்காலில் வழி பிடிபட்டால் அடுத்த பத்தும் வேகமாக நடக்கும்.

தேர்ந்தெடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். டெல்டாவின் வாய்க்கால்கள் ஏ, பி, சி, டி என்று பிரிக்கப்பட்டவை. ஆறுகளையும் அவற்றிலிருந்து பிரியும் பெரிய வாய்க்கால்களான ஏ, பி பிரிவுகளையும் நீர்வளத் துறை பார்க்கிறது. வயல்வரை போகிற சி, டி வாய்க்கால்களில் வேளாண் பொறியியல் துறையும் ஊராட்சியும் வேலை செய்கின்றன. எந்தப் பிரிவு என்று தெரியாமல் மனு போட்டால், “இது எங்கள் கட்டுப்பாட்டில் இல்லை” என்று ஒரு வரியில் பதில் வரும். உங்கள் பகுதி லஸ்கரிடமோ (மதகைத் திறந்து மூடும் கடைநிலைப் பணியாளர்) பாசன சங்கத்துப் பெரியவரிடமோ கேட்டாலே இது தெரிந்துவிடும்.

அதோடு வாய்க்காலின் எல்லாப் பெயர்களையும் கேட்டு வாங்குங்கள். ஊரில் ஒரு பெயர், நீர்வளத் துறையில் தலைப்பு மதகை (வாய்க்கால் பிரிகிற இடத்து மதகு) வைத்து ஒரு பெயர், புலப்படத்தில் (நில அளவை வரைபடம்) வெறும் சர்வே எண், நூறு நாள் வேலைப் பட்டியலில் “இன்னார் வயல் முதல் இன்னார் வயல் வரை” என்று இன்னொன்று. இந்தப் பெயர்க் குழப்பம் சும்மா விட்டுவிடக்கூடிய விஷயம் கிடையாது. ஒரே வாய்க்காலுக்கு இரண்டு துறை செலவு காட்டினால், அது மறைந்திருக்கக்கூடிய இடமும் இதுதான். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள நிலப் பதிவேடான ‘அ’ பதிவேட்டிலும் புலப்படத்திலும் வாய்க்காலின் சர்வே எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பெயர் எத்தனை மாறினாலும் சர்வே எண் மாறாது.

முடிந்தால் கடைமடையில், அதாவது தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் பகுதியில், ஒரு வாய்க்காலை எடுங்கள். தலைப்பில் சரியாகத் தூர்வாராவிட்டாலும் தண்ணீர் எப்படியோ வந்துவிடும். கடைமடையில் அது உடனே பயிரில் தெரியும்.

படி 2: அறிவிப்பில் வரும் பெரிய எண்ணை உடைத்துப் பாருங்கள்

அரசு ஒவ்வோர் ஆண்டும் இத்தனை கோடி, இத்தனை பணிகள், இத்தனை கிலோமீட்டர் என்று அறிவிக்கும். 2021-இல் 65.11 கோடி ரூபாய், 647 பணிகள், 4,061 கிலோமீட்டர். 2022-இல் 80 கோடி, 683 பணிகள், 4,964 கிலோமீட்டர். 2023-இல் 90 கோடி, 636 பணிகள், 4,773 கிலோமீட்டர்.

இந்த எண்களைப் படித்துவிட்டு அப்படியே செய்தியில் போடுவதுதான் வழக்கம். ஒரு வகுத்தல் மட்டும் செய்து பாருங்கள். 2021-இல் கிலோமீட்டருக்குச் சராசரியாக 1.60 லட்சம். 2022-இல் 1.61 லட்சம். 2023-இல் 1.89 லட்சம். 2022-ஐ விட 2023-இல் தூரம் குறைந்திருக்கிறது, பணம் கூடியிருக்கிறது. இதை வைத்து முறைகேடு என்று எழுத முடியுமா? முடியாது. டீசல் விலை, அகலமான ஆறுகள் அதிகம் சேர்ந்தது, கரை பலப்படுத்தியது என்று நியாயமான காரணங்கள் பல இருக்கலாம். ஆனால் உங்கள் கையில் இப்போது ஓர் அளவுகோல் இருக்கிறது. உங்கள் ஊர் பி பிரிவு வாய்க்காலுக்குக் கிலோமீட்டருக்கு ஆறு லட்சம் என்று மதிப்பீடு வந்தால் ஏன் என்று கேட்கலாம். அரை லட்சம் என்று வந்தாலும் கேட்க வேண்டும். அவ்வளவு குறைந்த பணத்தில் என்னதான் செய்தார்கள் என்பதும் கேள்விதான்.

இந்தப் பெரிய எண்களுக்கு நம்பகமான இடங்கள் இரண்டு. சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கையின்போது வைக்கப்படும் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு ஒன்று. நிதி ஒதுக்கிய அரசாணை இன்னொன்று. அரசாணை கிடைத்தால் முதல் பக்கத்தோடு நின்றுவிடாமல் இணைப்பைத் தேடுங்கள். எந்த வாய்க்கால், எந்தக் கிலோமீட்டர் முதல் எதுவரை, எவ்வளவு தொகை என்ற பட்டியல் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

படி 3: யாரிடம் என்ன காகிதம் இருக்கிறது?

இந்த வேலையில் பாதி, எந்தக் காகிதம் இருக்கிறது என்று தெரிந்திருப்பதுதான். இல்லாததைக் கேட்டால் கிடைக்காது. இருப்பதன் பெயர் தெரியாமல் கேட்டாலும் கிடைக்காது.

நீர்வளத் துறையில் ஒரு பணிக்கு முதலில் மதிப்பீடு தயாராகும். அதில் வாய்க்காலின் இப்போதைய மட்டம், இருக்க வேண்டிய மட்டம், எவ்வளவு கன மீட்டர் மண் எடுக்க வேண்டும் என்ற கணக்கு, குறுக்குவெட்டுப் படங்கள் எல்லாம் இருக்கும். அப்புறம் ஒப்பந்தப்புள்ளி. தமிழ்நாட்டில் இதற்கென்று 1998-இல் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டமும் 2000-இல் விதிகளும் வந்திருக்கின்றன. அறிவிப்புகளை அரசின் டெண்டர் இணையதளத்தில் தேடலாம். அடுத்து ஒப்பந்தம், பணி ஆணை, கடைசியில் பட்டியல் தொகை (ஒப்பந்தக்காரருக்கான பில் பணம்) வழங்கிய விவரம்.

இதற்கெல்லாம் நடுவில் இருக்கிறது எம்-புக். அளவுப் புத்தகம் என்று எழுதினாலும் அலுவலகத்தில் எல்லோரும் சொல்வது எம்-புக்தான். பக்க எண் போட்ட அந்தப் புத்தகத்தில், எந்த நாளில், எந்த இடத்தில், எத்தனை நீளம், அகலம், ஆழம் அளந்தார்கள் என்று பிரிவு அலுவலர் எழுதிக் கையெழுத்துப் போடுவார். அதற்கு மேலுள்ள அதிகாரி ஒரு பகுதியை மறுபடி அளந்து சரிபார்த்ததாகக் கையெழுத்திடுவார். ஒப்பந்தக்காரருக்குப் பணம் போவது இந்த அளவின் பேரில்தான். ஒரே ஒரு ஆவணம்தான் கேட்கலாம் என்றால் நான் எம்-புக்கைத்தான் கேட்பேன்.

இனி இரண்டாவது அலுவலகம். இங்கேதான் பலரும் தேடுவதில்லை. மதகுகளிலும் ரெகுலேட்டர்களிலும் எவ்வளவு தண்ணீர் நின்றது, எவ்வளவு திறந்தார்கள் என்று தினமும் கேஜ் (நீர்மட்ட அளவுகோல்) பார்த்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். அதை எழுதுபவருக்கும் தூர்வாரும் பட்டியலுக்கும் சம்பந்தம் இருக்காது. தினசரி மழை அளவு வருவாய்த் துறையில் இருக்கிறது. எந்த சர்வே எண்ணில் என்ன பயிர் என்பது கிராம அடங்கலில் இருக்கிறது. நூறு நாள் வேலையில் அதே வாய்க்கால் தூர்வாரப்பட்டிருந்தால் அந்த ஆண்டுகளின் வருகைப் பட்டியல், செலவு, வேலைக்கு முன்னும் இடையிலும் பின்னும் எடுத்த இடக்குறியீட்டுப் படங்கள் அந்தத் திட்டத்தின் இணையதளத்தில் ஊராட்சி வாரியாக ஏற்றப்பட்டிருக்கும். இதற்கு மனுகூடத் தேவையில்லை.

இன்னொன்று, மாவட்ட ஆட்சியரகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் நாள் கூட்டம். விவசாயி ஒருவர் எழுந்து “எங்கள் வாய்க்கால் தூர்வாரவில்லை” என்று சொன்னால், துறை அதற்குப் பதில் தர வேண்டும். அந்தப் பதில்கள் எழுத்தில் இருக்கும். மே மாதக் கூட்டத்தில் “பணி நிறைவுற்றது” என்று பதில் தந்திருக்கிறார்கள், எம்-புக்கில் அளந்த நாள் ஜூன் என்று இருக்கிறது. இப்படி ஒரு முரண் கிடைத்தால் நீங்கள் வேறெதுவும் பேச வேண்டியதில்லை.

படி 4: மனு எழுதுவது

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12 முதல் நடைமுறையில் இருக்கிறது. (தமிழ்நாடு அதற்கு முன்பே, 1997-இல், தனியாக ஒரு சட்டம் இயற்றியிருந்தது. விதிவிலக்குகள் நிறைந்த சட்டம் என்பதால் அதைப் பயன்படுத்தியவர்கள் குறைவு.) தமிழ்நாட்டில் மனுவோடு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். மாநில அரசின் இணையதளம் வழியாகவும் மனு செய்யலாம். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய்.

எதற்காகக் கேட்கிறீர்கள் என்று யாரும் உங்களைக் கேட்கக்கூடாது. பிரிவு 6(2) இதைத் தெளிவாகச் சொல்கிறது. தொடர்பு கொள்ளத் தேவையான விவரம் தந்தால் போதும். தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டால் அவர்கள் 5 நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும்.

மனுவில் “ஏன்” என்ற சொல்லே வரக்கூடாது. “ஏன் சரியாகத் தூர்வாரவில்லை?” என்பதற்குப் பொதுத் தகவல் அலுவலர் பதில் சொல்ல வேண்டிய கடமை இல்லை. இருக்கிற தகவலைத்தான் தர வேண்டும், புதிதாக உருவாக்கித் தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றமே 2011-இல் சொல்லிவிட்டது. ஆகவே ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். கோபத்தை மனுவில் கொட்ட வேண்டாம். இப்படி எழுதலாம்:

“தங்கள் கோட்டத்துக்கு உட்பட்ட _____ வாய்க்காலில் 2025–26 நிதியாண்டில் சிறப்புத் தூர்வாரும் பணியின் கீழ் மேற்கொள்ளப்பட்ட வேலை தொடர்பாகக் கீழ்க்கண்டவற்றின் சான்றிட்ட நகல்களை வழங்கக் கோருகிறேன். 1. ஒப்புதல் அளிக்கப்பட்ட மதிப்பீடு, குறுக்குவெட்டு வரைபடங்களுடன். 2. பணி ஆணையும் ஒப்பந்தமும். 3. இப்பணி தொடர்பான அளவுப் புத்தகப் பக்கங்கள், சரிபார்ப்பு அளவு உட்பட. 4. வழங்கப்பட்ட பட்டியல் தொகை விவரம். 5. இப்பணியின் கோப்பை நேரில் பார்வையிட அனுமதி.”

கேஜ் பதிவேட்டை இதே மனுவில் கேட்காதீர்கள். தனி மனுவாக, வேறு நாளில், முடிந்தால் வேறொருவர் பெயரில் கேளுங்கள். இரண்டையும் எதற்காகச் சேர்த்துக் கேட்கிறீர்கள் என்று முன்கூட்டியே விளக்கிக் காட்டுவதில் நமக்கு ஒரு லாபமும் இல்லை.

மனுவை யாருக்கு அனுப்புவது? டெல்டாவில் நீர்வளத் துறையின் கோட்டங்கள் ஆற்றை வைத்துப் பிரிந்தவை. காவிரி வடிநிலக் கோட்டம், வெண்ணாறு வடிநிலக் கோட்டம், கல்லணைக் கால்வாய்க் கோட்டம் என்று இருக்கும். மாவட்ட எல்லைக்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை. உங்கள் வாய்க்கால் எந்த ஆற்றில் தலைப்பு வைத்திருக்கிறதோ அதைப் பார்த்துச் செயற்பொறியாளர் அலுவலகத்துக்கு அனுப்புங்கள்.

படி 5: பதில் வரும்வரை, வராவிட்டால்

30 நாளுக்குள் பதில் தர வேண்டும். வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ, அடுத்த 30 நாளுக்குள் அதே துறையில் உள்ள மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு. அதிலும் சரியாகவில்லை என்றால் 90 நாளுக்குள் சென்னையில் உள்ள தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. ஆணையம் தவறிய அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். ஆணையத்தில் வழக்கு வரிசைக்கு வர நாளாகும் என்பதால், முதல் மேல்முறையீட்டை நன்றாக எழுதுவதில்தான் பலன் அதிகம். கெடு தாண்டிவிட்டால் தகவலை இலவசமாகத் தர வேண்டும் என்று பிரிவு 7(6) சொல்கிறது. அதையும் மேல்முறையீட்டில் குறிப்பிடுங்கள்.

வழக்கமாக வரும் மழுப்பல்கள் சில உண்டு. “கோப்பு காணவில்லை” என்பார்கள். காணவில்லை என்பது சட்டத்தில் உள்ள விலக்குகளில் ஒன்று கிடையாது. அப்படிச் சொன்னால் விசாரித்துப் பொறுப்பை நிர்ணயிக்க வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2013-இல் சொல்லியிருக்கிறது. “மூன்றாம் தரப்பினர் தகவல்” என்று ஒப்பந்தத்தை மறுப்பார்கள். பொதுப் பணத்தில் முடிந்துபோன வேலைக்கு அந்தக் காரணம் பெரிதாக நிற்காது. தனிநபர் தகவல் என்ற காரணம் இனி அதிகம் வரும். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தகவல் சட்டத்தின் பிரிவு 8(1)(ஜே)-ஐ மாற்றி, தனிநபர் தகவல் என்றாலே மறுக்க இடம் கொடுத்திருக்கிறது. அதற்கு எதிராக நீங்கள் சுட்ட வேண்டியது பிரிவு 8(2). பாதிப்பைவிடப் பொதுநலன் பெரிது என்றால் தரலாம் என்கிறது அது. வருகைப் பட்டியலில் உள்ள கூலித் தொழிலாளர் பெயர்கள் உங்களுக்குத் தேவையில்லை என்றால் “பெயர்களை மறைத்துத் தரலாம்” என்று மனுவிலேயே எழுதிவிடுவது இன்னும் நல்லது.

“தகவல் அதிகம், நேரில் வந்து பார்வையிடுங்கள்” என்று பதில் வந்தால் சலித்துக்கொள்ளாதீர்கள். உடனே போங்கள். நகலாகக் கேட்டிருந்தால் கேட்டது மட்டும் வந்திருக்கும். கோப்பே எதிரில் இருந்தால், கேட்கத் தெரியாதவையும் கண்ணில் படும். அலுவலகக் குறிப்புகள், கால நீட்டிப்புக் கடிதம், மேலதிகாரி எழுப்பிய ஆட்சேபம் எல்லாம் அதில் இருக்கும். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் பக்கம் புரட்ட, ஒருவர் குறிப்பெடுக்கட்டும். வேண்டிய பக்க எண்களை எழுதிக்கொடுத்துச் சான்றிட்ட நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 6: நீங்களே அளப்பது

இதை எப்போது செய்வது என்பதுதான் முக்கியம். வேலை தொடங்கும் முன் ஒரு முறை, முடிந்த பின் தண்ணீர் வருவதற்குள் ஒரு முறை. இரண்டுக்கும் நடுவில் சில வாரம்தான் கிடைக்கும். சில ஆண்டு அதுவும் கிடைக்காது. 2022-இல் மேட்டூர் மே 24-லேயே திறக்கப்பட்டது, வழக்கத்துக்கு 19 நாள் முன்னதாக. 2024-இல் ஜூலை 28 வரை திறக்கவில்லை. ஜூன் 12-ஐ நம்பி உட்கார்ந்திருக்காமல் அணையின் நீர்மட்டத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள். 120 அடி முழுக் கொள்ளளவில் அது நூறைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தால் டேப்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம்.

பணியிடத்தில் பலகை வைத்திருந்தால் முதலில் அதைப் படம் எடுங்கள். அப்புறம் நூறு மீட்டருக்கு ஓர் இடம் என்று குறித்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் அடி அகலம், மேல் அகலம், கரையிலிருந்து ஆழம் மூன்றையும் அளந்து எழுதுங்கள். இடமும் நேரமும் பதிவாகும் வகையில் கைப்பேசிப் படம். மதகு, பாலம், மின்கம்பம் என்று நகராத ஏதாவது ஒன்று படத்தில் இருக்கட்டும். இரண்டாம் முறை அதே இடத்தில், அதே கோணத்தில் நின்று எடுங்கள். ஆகாயத்தாமரையையும் காட்டாமணக்கையும் மட்டும் அகற்றிவிட்டால் வாய்க்கால் படத்தில் பளிச்சென்று இருக்கும். அடியில் மண் அப்படியே இருக்கும். அதனால் படத்தைவிட ஆழத்தின் அளவுதான் பேசும்.

மண்ணையும் கணக்குப் போடுங்கள். ஒரு கிலோமீட்டர் நீளம், அடியில் 3 மீட்டர் அகலம், சராசரி 45 சென்டிமீட்டர் மண் எடுத்ததாக மதிப்பீடு சொல்கிறது என்று வைப்போம். மொத்தம் 1,350 கன மீட்டர். அதாவது வாய்க்காலில் ஒவ்வொரு மீட்டர் நடக்கும்போதும் இரு கரையிலுமாகச் சேர்த்து 1.35 கன மீட்டர் மண் கிடக்க வேண்டும். வெட்டிய மண் உப்பும் என்பதால் கண்ணுக்கு இன்னும் கூடுதலாகவே தெரியும். கரையில் முழங்கால் உயரத்துக்குக்கூட மண் இல்லை என்றால் அது எங்கே போனது? லாரியில் ஏற்றி வெளியே கொண்டுபோயிருந்தால் அதற்கு அனுமதிக் கடிதம் இருக்க வேண்டும். அதுவும் ஓர் ஆவணம், அதையும் கேட்கலாம்.

செயற்கைக்கோள் படத்தை நம்பிச் சிலர் இறங்குகிறார்கள். சென்டினல்-2 படங்கள் இலவசம், சில நாளுக்கு ஒரு முறை கிடைக்கும். ஆனால் அதில் ஒரு புள்ளி என்பது தரையில் 10 மீட்டர். மூன்று மீட்டர் வாய்க்கால் அதில் தெரியாது. மண்ணின் ஆழம் எந்தப் படத்திலும் தெரியாது. கடைமடையில் எந்த வாரம் நடவு தொடங்கியது, எந்தப் பகுதி தரிசாகக் கிடந்தது என்று பார்க்க மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

படி 7: அட்டவணை போடுவது

வந்த காகிதங்களை ஸ்கேன் செய்து, மூலத்தைத் தொடாமல் தனியாக வைத்துவிடுங்கள். அப்புறம் ஒரு வாய்க்காலுக்கு ஒரு வரிசை. பெயர், சர்வே எண்கள், தொடக்கம், முடிவு, நீளம், மதிப்பீட்டுத் தொகை, வழங்கிய தொகை, மண்ணின் அளவு, எம்-புக்கில் அளந்த நாள், அளந்தவரின் பதவி, சரிபார்த்த நாள், நீங்கள் அளந்த ஆழம் என்று பத்திகள். ஒவ்வொரு எண்ணும் எந்த ஆவணத்தின் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதற்குக் கடைசியில் ஒரு பத்தி. யாராவது கேட்டால் அரை நிமிடத்தில் காட்ட முடிய வேண்டும்.

டெல்டாவுக்கே உரிய சில சிக்கல்கள் இங்கே காத்திருக்கும். முதலாவது ஆண்டுக் கணக்கு. அரசுப் பணம் ஏப்ரல் முதல் மார்ச் வரை, அடங்கல் பசலி என்ற வருவாய்த் துறை ஆண்டுப்படி ஜூலை முதல் ஜூன் வரை, காவிரி நீர்க் கணக்கு ஜூன் முதல் மே வரை. 2025 மே மாதம் நடந்த ஒரு வேலை 2025–26 நிதியாண்டு, 1434-ஆம் பசலி, 2024–25 நீராண்டு. ஆண்டு என்ற ஒரே பத்தியில் மூன்றையும் கலந்தால் எல்லாமே குழம்பிவிடும். அதனால் தேதியை முழுசாக எழுதிவிடுங்கள்.

இரண்டாவது மாவட்டங்கள். பழைய தஞ்சாவூரிலிருந்து 1991-இல் நாகப்பட்டினம் பிரிந்தது, 1997-இல் திருவாரூர் வந்தது, 2020 டிசம்பரில் நாகப்பட்டினத்திலிருந்து மயிலாடுதுறை பிரிந்தது. நாகையில் செலவு திடீரென்று பாதியாகக் குறைந்ததாக உங்கள் வரைபடம் காட்டினால், சுருங்கியது செலவாக இல்லாமல் மாவட்டமாக இருக்கலாம். வட்டம் அல்லது வருவாய்க் கிராமம் என்ற அளவில் ஒப்பிட்டால் இந்தத் தொல்லை குறையும்.

அலகுகளும் அப்படித்தான். ஹெக்டேர் ஓரிடத்தில், ஏக்கர் ஓரிடத்தில், விவசாயி சொல்வது மா கணக்கில். ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர், ஒரு மா 33 சென்ட், இருபது மா ஒரு வேலி. தண்ணீரில் விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க விட்டால் ஒரு டிஎம்சி, அதாவது நூறு கோடி கன அடி. பழைய கோப்புகள் வானவில் போன்ற எழுத்துருக்களில் இருந்தால் நகலெடுத்து ஒட்டும்போது புரியாத குறிகளாக வரும். ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் மாற்றியபின் எண்களை ஒரு தடவை கண்ணால் சரிபாருங்கள்.

படி 8: எதிரெதிரே வைப்பது

எல்லா உழைப்பும் இதற்காகத்தான். எம்-புக்கில் அளந்த நாளை எடுத்து, அதே நாளில் அந்த வாய்க்காலின் தலைப்பில் கேஜ் பதிவேடு என்ன சொல்கிறது என்று பாருங்கள். தலைப்பில் இரண்டடித் தண்ணீர் ஓடிய நாளில் வாய்க்காலின் அடிமட்டத்தை அளந்ததாக எழுதியிருந்தால், இரண்டில் ஒன்று நடக்கவில்லை. கனமழை பெய்த நாளுக்கும் இதே சோதனை.

அடுத்து அளந்தவரையும் நாளையும் சேர்த்து வரிசைப்படுத்துங்கள். ஒரே அலுவலர் ஒரே நாளில், நாற்பது கிலோமீட்டர் தள்ளித் தள்ளி இருக்கும் ஏழெட்டு வாய்க்கால்களை மீட்டர் மீட்டராக அளந்ததாக வந்தால் அது தனியாகக் கேட்க வேண்டிய கேள்வி. குறுக்குவெட்டுகளையும் பாருங்கள். பத்து இடத்திலும் அகலமும் ஆழமும் சென்டிமீட்டர் பிசகாமல் ஒன்றாக இருந்தால் சந்தேகப்படலாம். மண் வாய்க்கால் எங்கேயும் அப்படி ஒழுங்காக இருக்காது.

சர்வே எண்ணை வைத்து நீர்வளத் துறைப் பட்டியலையும் வேளாண் பொறியியல் துறைப் பட்டியலையும் நூறு நாள் வேலைப் பட்டியலையும் பொருத்துங்கள். ஒரே நீளத்துக்கு ஒரே கோடையில் இரண்டு செலவு வந்தால் உடனே துள்ளிவிட வேண்டாம். ஒரு துறை செடி அகற்றி, இன்னொரு துறை மண் எடுத்திருக்கலாம். இரண்டு மதிப்பீட்டிலும் வேலை விவரத்தைப் படித்த பிறகுதான் முடிவுக்கு வர வேண்டும்.

இதே முறை மற்ற கணக்குகளுக்கும் பொருந்தும். பயிர்க் காப்பீட்டில் ஒரு வருவாய்க் கிராமத்தில் காப்பீடு செய்த பரப்பையும் அடங்கலில் உள்ள சாகுபடிப் பரப்பையும் ஒப்பிடலாம். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் தினசரி வாங்கிய 40 கிலோ சிப்பங்களின் எண்ணிக்கையையும் லாரியில் கிடங்குக்குப் போன எண்ணிக்கையையும் வைத்தால், மழையில் எத்தனை மூட்டை எத்தனை நாள் வெளியே கிடந்தது என்பது தெரிந்துவிடும்.

படி 9: கேட்பது, எழுதுவது

முரண் கிடைத்ததும் எழுதிவிடாதீர்கள். செயற்பொறியாளருக்குக் கேள்விகளை எழுத்தில் அனுப்பி ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள். ஒப்பந்தக்காரருக்கும் அனுப்புங்கள். வரும் பதிலை வெட்டாமல் போடுங்கள். பதில் உங்கள் கணக்கையே கவிழ்த்துவிட்டால் அதுவும் நல்லதுதான், செய்தி வெளியாவதற்கு முன்பே தெரிந்துவிட்டது.

எழுதும்போது ஆவணம் எதுவரை போகிறதோ அதுவரைதான் போக வேண்டும். “எம்-புக்கின்படி இந்த நாளில் அளக்கப்பட்டது, கேஜ் பதிவேட்டின்படி அன்று தலைப்பில் தண்ணீர் இருந்தது” என்று எழுதினால் யாரும் அசைக்க முடியாது. ‘ஊழல்’, ‘கொள்ளை’ என்று எழுதினால் அவதூறு வழக்குக்கு நீங்களே வழி செய்துகொடுத்தது போல ஆகும், படிப்பவரும் வழக்கமான குற்றச்சாட்டு என்று கடந்துவிடுவார். ஒரு வரைபடம், ஒரு சிறு அட்டவணை, இரண்டு ஆவணப் படங்கள் போதும்.

பாதுகாப்பைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சிறிய ஊரில் ஒப்பந்தக்காரர் உறவுக்காரராகவோ கட்சிக்காரராகவோ இருப்பார். மனு போட்ட சாயங்காலமே உங்கள் பெயர் அவருக்குத் தெரிந்துவிடலாம். தனி ஆளாக இல்லாமல் மூன்று நான்கு பேராக, வேறு வேறு ஊரிலிருந்து மனு செய்யுங்கள். ஆவணங்களின் பிரதி ஒன்று வெளியூரில் நம்பிக்கையான ஒருவரிடம் இருக்கட்டும். உங்களுக்கு உதவிய லஸ்கர், கேஜ் பார்ப்பவர், கடைநிலைப் பணியாளர் யாரையும் செய்தியில் அடையாளம் தெரியும்படி எழுதாதீர்கள். அவர் சொன்னதை ஆவணத்திலிருந்தே நிரூபிக்க முடியும் என்றால் அவரைக் குறிப்பிடவே தேவையில்லை.

படி 10: வெளியான பிறகு

செய்தியை ஒரு தாளில் அச்சடித்து அந்த வாய்க்காலின் ஆயக்கட்டுக்காரர்களிடம் (அதில் பாசனம் பெறும் விவசாயிகள்) கொடுங்கள். அடுத்த குறைதீர் கூட்டத்தில் அவர்களே அதை மனுவாக வைத்தால் துறையின் பதில் பதிவாகும். கிராம சபை தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இவற்றில் நமக்குத் தோதானது மே 1. தூர்வாரும் வேலை நடந்துகொண்டிருக்கும், தண்ணீர் வந்திருக்காது. “மதிப்பீட்டின் நகலை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும், இறுதி அளவை ஆயக்கட்டுக்காரர்கள் முன்னிலையில் எடுக்க வேண்டும்” என்று தீர்மானம் போடச் சொல்லுங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதி முடித்துக் கையெழுத்தானதும், அந்தப் பக்கத்தின் நகலைக் கேட்டு வாங்கி உங்கள் கோப்பில் சேர்த்துவிடுங்கள்.